செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை: இருவருக்கான மூன்று நாள்

செங்கல்பட்டு நகரத்துக்கும் மாமல்லபுரம் கடற்கரைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம். அதற்குள் பெரிய ஏரி ஒன்று, இடிந்த கோட்டை ஒன்று, மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள், தேவாரப் பாடல் பெற்ற மலைக்கோயில், மீனவர் குப்பம், உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்ட கற்கோயில்கள் என அத்தனையும் அடங்கியிருக்கின்றன. புதுமணத் தம்பதியரும், பிள்ளைகளை ஆளாக்கிவிட்டுச் சற்றே ஓய்ந்திருக்கும் தம்பதியரும் வெளியூர்ப் பயணம் என்றதும் ஊட்டியையோ கொடைக்கானலையோதான் முதலில் நினைப்பார்கள். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய இந்தப் பகுதி, காலையில் போய் மாலையில் திரும்பும் இடமாகவே பலருக்கும் பழகிவிட்டது.

அப்படி அவசரமாகப் பார்க்கும்போது இதன் அருமையில் பெரும்பகுதி நழுவிப் போகிறது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மாமல்லபுரத்தின் சிற்பங்களில் சில காலை வெயிலிலும் சில மாலை வெயிலிலும்தான் முழுமையாகத் துலங்கும்; உச்சிவேளையில் வந்து போகிறவர்கள் இரண்டையும் தவறவிடுகிறார்கள். கடற்கரையை மட்டும் பார்த்தால் இவ்வளவு பெரிய கலைப்பணி ஏன் இங்கே நடந்தது என்பதும் விளங்காது. உள்நாட்டு ஏரிகளையும் குன்றுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். இரண்டு இரவு தங்கி, மூன்று நாளில் நிதானமாகச் சுற்றினால் இருவருக்கும் மனம் நிறையும், அலைச்சலும் இருக்காது.

ஏரி நாடும் துறைமுகமும்

பழைய தொண்டை மண்டலத்தின் நடுப்பகுதி இது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. பாலாறு மழைக்காலத்தில் நீர் கண்டு, மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை ஏரிகளில் தேக்கித்தான் இந்த மண்ணில் நெல் விளைந்தது. செங்கல்பட்டின் கொளவாய் ஏரியும், தெற்கே மதுராந்தகம், வேடந்தாங்கல் ஏரிகளும் இந்த ஏற்பாட்டின் பகுதிகள். ஏரி கொடுத்த விளைச்சல், காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்ட பல்லவ அரசைத் தாங்கியது. அந்த அரசின் துறைமுகமாக மாமல்லபுரம் விளங்கியது.

கடல் வணிகம் பல்லவருக்கும் முந்தியது. பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே வசவசமுத்திரத்தில் 1970ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மதுவும் எண்ணெயும் ஏற்றிவந்த நீண்ட சாடிகளின் உடைந்த துண்டுகள் அங்கே கிடைத்தன, உறைகிணறுகளும் வெளிப்பட்டன. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனின் நாட்டிலிருந்த நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தையும், இரவில் கப்பல்களுக்கு வழிகாட்டிய அதன் கலங்கரை விளக்கத்தையும் வருணிக்கிறது. அந்தப் பட்டினம் மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரையில் இருந்தது என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள்.

முதல் நாள்: செங்கல்பட்டும் வல்லமும்

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் தலைநகரான செங்கல்பட்டுக்குச் சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து புறநகர் மின்சார ரயில்கள் நாள் முழுவதும் வருகின்றன. காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகும் பாதையும், விழுப்புரம் போகும் பாதையும் பிரிகிற சந்திப்பு இது. ரயில் நகரத்தை நெருங்கும்போதே கொளவாய் ஏரியின் நீர்ப்பரப்பு சன்னலில் தெரியத் தொடங்கும்.

நகரத்தின் கோட்டை 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. 1565இல் நடந்த தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு வலிமை குன்றிய விஜயநகர அரசர்களின் வழியினர் இதைக் கட்டினார்கள். ஏரியும் சதுப்பும் ஒரு பக்கத்துக்கு இயற்கையான காப்பாக அமைந்தன. கர்நாடகப் போர்களின்போது 1751இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தார்கள். மறு ஆண்டே ராபர்ட் கிளைவ் பீரங்கியால் தாக்கி மீட்டார். ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763இல் செங்கல்பட்டு வட்டாரத்தை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். சென்னைக்கு வெளியே கம்பெனி நேரடியாக வரி வசூலித்து ஆண்ட நிலப்பகுதிகளில் தொடக்க காலத்தது இது. பின்னால் ரயில் பாதை கோட்டைக்குள்ளேயே ஊடுருவிச் சென்றது. இன்று மிஞ்சியிருப்பவை சிதைந்த பகுதிகள்தாம். செஞ்சியையோ வேலூரையோ போன்ற கோட்டையை எதிர்பார்க்காமல், ஒரு மாவட்டத்தின் வரலாறு தொடங்கிய இடமாக இதைப் பார்ப்பது பொருந்தும்.

நகரத்தை அடுத்து, திருக்கழுக்குன்றம் செல்லும் வழியில் இருக்கிறது வல்லம். ஊர்க் குன்றில் மூன்று குடைவரைக் கோயில்கள் இருக்கின்றன. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், அவனுக்குக் கட்டுப்பட்ட குறுநிலத் தலைவன் வயந்தப்பிரியரைசரின் மகன் கந்தசேனன் இங்கே குடைவித்த கோயிலில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் மகேந்திரனின் லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் ஆகிய பட்டப்பெயர்கள் வருகின்றன. கனத்த சதுரத் தூண்கள், நடுப்பகுதி மட்டும் எட்டுப் பட்டையாகச் செதுக்கிய எளிய அமைப்பு, உள்ளே ஒரு கருவறை, அவ்வளவுதான் கட்டமைப்பு. அடுத்த நூறாண்டில் கற்கலை எவ்வளவு தூரம் வளர்ந்தது என்பதை மாமல்லபுரத்தில் அறிய விரும்புகிறவர்கள் வல்லத்தை முதலில் பார்த்துவிடுவது நல்லது. கூட்டமே இல்லாத இடம் என்பதால் அமர்ந்து பேசவும் ஏற்றது.

மலையேறும் மாலை

செங்கல்பட்டிலிருந்து சுமார் 14 கிலோமீட்டரில் திருக்கழுக்குன்றம். மலைமேல் வேதகிரீசுவரர், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர் என இரு கோயில்கள். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். மாணிக்கவாசகரும் திருவாசகத்தில் ஒரு பதிகம் பாடியிருக்கிறார். கோயில்கள் நண்பகலில் நடை சாத்துவது வழக்கம் என்பதால், வெயில் தாழ்ந்த பின் படியேறத் தொடங்கினால் தரிசனமும் கிடைக்கும், கால் சூடும் தெரியாது. படிகள் 500க்கும் மேல். வயதான தம்பதியர் இடையிடையே அமர்ந்து ஏறினால் சிரமம் தெரியாது. மேலிருந்து பார்த்தால் அடிவாரக் கோயிலின் நான்கு பக்கக் கோபுரங்களும், சங்கு தீர்த்தக் குளமும், வயல்களும் ஏரிகளும் தெரியும்.

சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சங்கு பிறந்து கரை சேரும் என்பது ஊரார் நம்பிக்கை. கிடைத்த சங்குகளைக் கோயிலில் காத்துவருகிறார்கள். இந்த ஊரின் இன்னொரு புகழ் அதன் பறவைகளைச் சேர்ந்தது. நண்பகல் பூசை முடிந்ததும் குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்ண இரண்டு கழுகுகள் நெடுங்காலமாக வந்துபோயின. அவை பாறு இனத்தைச் சேர்ந்த வெண்ணிறப் பறவைகள். 1990களின் இறுதியில் அவற்றின் வருகை நின்றுபோனது. நாடு முழுவதும் பாறுகள் பெருமளவில் மடிந்த காலம் அது. கால்நடைகளுக்கு வலி நிவாரணியாகக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, இறந்த மாடுகளின் உடல் வழியே பாறுகளுக்கு நஞ்சானதே அந்தப் பேரழிவுக்கு முதன்மைக் காரணம் என்று கண்டறியப்பட்டது. 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா தடை விதித்தது. இன்று மலையேறுகிறவர்கள் கழுகுகளின் கதையை மட்டுமே கேட்க முடியும்.

மலைச்சரிவில் ஒருகல் மண்டபம் என்னும் பல்லவர் குடைவரை இருக்கிறது. அதன் சுவரில் 17ஆம் நூற்றாண்டு டச்சு வணிகர்கள் தம் பெயர்களைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை வைத்திருந்தவர்கள் அவர்கள். இந்தக் கடற்கரைக்கு வெளிநாட்டார் உல்லாசமாக ஊர் சுற்ற வந்ததற்கு இது ஒரு பழைய சான்று. இங்கிருந்து மாமல்லபுரம் இன்னும் சுமார் 15 கிலோமீட்டர்தான். இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

இரண்டாம் நாள்: மாமல்லபுரத்தின் காலை

மாமல்லபுரத்தின் பல்லவர் சின்னங்களை யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கற்கலையின் மூன்று நிலைகளும் ஒரே ஊரில், நடந்தே பார்க்கும் தொலைவில் இருப்பது இதன் தனிச்சிறப்பு. குன்றைக் குடைந்த மண்டபங்கள் முதல் நிலை. தனிப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கோயில் வடிவமாக்கிய ரதங்கள் இரண்டாம் நிலை. வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டிய கோயில் மூன்றாம் நிலை. மாமல்லன் எனப் பட்டம் கொண்ட முதலாம் நரசிம்மவர்மன் 630 முதல் 668 வரை ஆண்டவன். இராசசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவன். பெரும்பாலான பணிகள் இவ்விருவரின் காலத்துக்கு இடைப்பட்டவை என்பது பரவலான கருத்து. எல்லாமே இராசசிம்மன் செய்வித்தவை என்று தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1962இல் முன்வைத்த வாதமும் உண்டு.

காலைப் பொழுதைக் கடற்கரைக் கோயிலில் தொடங்க வேண்டும். இராசசிம்மன் கட்டிய இதில் கருவறைகள் மூன்று. பெரிய விமானத்தின் கீழ் உள்ள சிவன் கோயில் கிழக்கே கடலை நோக்குகிறது. சிறிய விமானத்தின் கீழ் உள்ளது மேற்கே ஊரை நோக்குகிறது. இரண்டுக்கும் நடுவே பள்ளிகொண்ட பெருமாள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உப்புக்காற்று அரித்ததில் வெளிச்சுவர்ச் சிற்பங்கள் முகம் மழுங்கியிருக்கின்றன. அலையின் வேகம் தடுக்கக் கல்லணையும், மணலும் காற்றும் தடுக்கச் சவுக்குத் தோப்பும் அமைத்துக் காத்துவருகிறார்கள். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை இந்தக் கரையில் மணலை வாரிச் சென்றபோது, புதைந்து கிடந்த பல்லவர் காலச் செதுக்குப் பாறைகள் வெளியே வந்தன. இந்தியத் தொல்லியல் துறை பிறகு கரையிலும் கடலடியிலும் ஆய்வு செய்தது. ஐரோப்பிய மாலுமிகள் இந்த ஊரை ஏழு கோயில் நகரம் என்று அழைத்ததால், மற்ற ஆறும் கடலுக்குள் போயின என்ற கதை மக்களிடையே வழங்கிவருகிறது.

அடுத்து ஊர் நடுவே உள்ள பெரும் புடைப்புச் சிற்பம். அர்ச்சுனன் தபசு என்று ஒரு சாராரும், கங்கை இறங்குதல் என்று மறுசாராரும் சொல்லும் இது, ஏறத்தாழ 30 மீட்டர் நீளப் பாறை முகத்தில் செதுக்கப்பட்டது. பாறை கிழக்கு நோக்கி நிற்பதால் காலை வெயில் நேரே விழும். நடுவிலுள்ள இயற்கைப் பிளவில் நாகர்கள் மேலேறுகிறார்கள். அதன் மேலே நீர் தேக்கிவைத்து, விழாக்காலங்களில் அருவியாக விழச் செய்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நிற்கும் தவசி, அவன் முன்னே வரம் அருளும் சிவன், இணை இணையாகப் பறந்து வரும் தேவர்கள், குட்டிகளோடு நிற்கும் யானைகள் என ஒவ்வொன்றையும் தேடிப் பார்க்க அரை மணி நேரமாவது வேண்டும். யானையின் அருகே, கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றியுள்ள எலிகளையும் கண்டுபிடிப்பது குழந்தைகளுக்குப் போலவே பெரியவர்களுக்கும் மகிழ்ச்சி தரும். பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் கண்ணன் மலையைத் தாங்கி நிற்க, அதன் நிழலில் ஆயர் ஒருவர் பால் கறக்கிறார். பசு கன்றை நக்கிக் கொடுக்கிறது. கடவுளின் வீரத்தைக் காட்டும் இடத்தில் ஒரு குடும்பத்தின் அன்றாடத்தையும் வைத்த அந்தச் சிற்பியின் மனம் வணங்கத்தக்கது.

குன்றின் மேலே ஏறினால் மகிடாசுரமர்த்தினி மண்டபம். ஒரு சுவரில் சிங்கத்தின் மேல் பாய்ந்து வரும் எட்டுக்கைத் துர்க்கை. எதிர்ச்சுவரில் பாம்பணைமேல் அறிதுயில் கொண்ட திருமால். போரின் வேகமும் துயிலின் அமைதியும் எதிரெதிரே நிற்கும்படி வகுத்திருப்பதை இரண்டுக்கும் நடுவில் நின்று பார்க்க வேண்டும். இதன் மேலே உள்ள ஒலக்கணேசுவரர் கோயில் முன்பு கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது. பிரிட்டிஷார் கட்டிய கல் கலங்கரை விளக்கம் அருகிலேயே நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் தெரியும்.

மாலை வெயிலுக்கு உரியவை

நண்பகலுக்குச் சாப்பாடும் ஓய்வும். வெயில் சாயத் தொடங்கும்போது ஐந்து ரதங்களுக்குப் போக வேண்டும். திரௌபதி, அர்ச்சுனன், வீமன், தருமராசன் ரதங்கள் நான்கும் மேற்கு நோக்கியவை; பிற்பகல் ஒளி அவற்றின் முகப்பில் விழும். பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தார் வைத்தவை. கற்கோயில்கள் வருமுன் தமிழகத்தில் மரத்தாலும் கூரையாலும் கட்டப்பட்ட கோயில்களின் வடிவங்களை ஐந்து ரதங்களும் கல்லில் பதித்துவைத்திருக்கின்றன என்பதே அவற்றின் முதன்மையான மதிப்பு. திரௌபதி ரதம் ஓலைக் குடிசையின் கூரையோடு நிற்கிறது. வீமன் ரதத்துக்கு வண்டிக்கூடு போல் வளைந்த நீள்கூரை. நகுல சகாதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்த வடிவம். அருகிலேயே முழு உருவ யானை ஒன்றையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மூன்று நிலைகளும் எண்பட்டைச் சிகரமும் கொண்ட தருமராச ரதத்தில் அரசனின் பட்டப்பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வேலை முடியாமல் நின்றுபோன அடித்தளங்களைக் கவனித்தால், மேலே முடித்துக்கொண்டே கீழே இறங்கிய சிற்பியின் முறை தெரியும்.

குன்றின் மேற்குச் சரிவில் உள்ள வராக மண்டபமும் மாலைக்கு ஏற்றது. பூமிதேவியை மடியில் ஏந்திய வராகமும், மூவுலகளந்த திரிவிக்கிரமனும் அங்கே எதிரெதிரே இருக்கிறார்கள். தம்பதியர் தேடிப் பார்க்க வேண்டிய இன்னொன்று ஆதிவராகர் குடைவரை. வழிபாடு நடைபெறும் இக்கோயிலுக்குள், சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று மேலே பெயர் பொறித்த இரு அரசர்களின் உருவங்கள் தேவியரோடு இருக்கின்றன. மகேந்திரன் ஒரு தேவியின் கையைப் பற்றிக் கருவறையை நோக்கி அழைத்துச் செல்கிறான். பல்லவ அரசர் ஒருவர் மனைவியோடு கோயிலுக்குப் போகும் காட்சி 1,300 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே நிற்கிறது. அருகில் சரிவில் நிற்கும் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை சுமார் 250 டன் எடையுள்ள இயற்கைப் பாறை. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தபோது அதன் முன்னே நின்றதால் அதன் படம் உலகெங்கும் பரவியது.

கல் இன்னும் பேசும் ஊர்

மாமல்லபுரம் பழம்பெருமையை மட்டும் நம்பி நிற்கும் ஊர் அல்ல. ஐந்து ரதங்களுக்குப் போகும் சாலையெங்கும் சிற்பக்கூடங்கள். 1957இல் தமிழக அரசு இங்கே தொடங்கிய சிற்பக் கல்லூரியில் கோயில் கட்டடக்கலையும் கல், சுதை, மரம், உலோகச் சிற்பங்களும் முறைப்படி கற்பிக்கப்படுகின்றன. குமரிமுனையில் நிற்கும் 133 அடித் திருவள்ளுவர் சிலையை வடித்த வை. கணபதி ஸ்தபதி இதன் முதல்வராக இருந்தவர். வெளிநாடுகளில் தமிழர் எழுப்பும் கோயில்களுக்கான தூண்களும் திருவுருவங்களும் இங்கிருந்து கப்பலேறுகின்றன. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நினைவுப் பொருள் வாங்க விரும்புகிறவர்கள், மாவுக்கல்லில் செய்த சிறு பிள்ளையாரையோ ஓர் அகல்விளக்கையோ செதுக்கியவரிடமே நேரில் வாங்கினால் உழைப்பின் பலன் அவருக்கே போய்ச் சேரும்.

எழுத்தாளர் கல்கிக்கு ‘சிவகாமியின் சபதம்’ நாவலின் கரு தோன்றியதும் இந்தக் கடற்கரையில்தான்; உடன் இருந்தவர் ரசிகமணி டி.கே.சி. மாமல்லனையும் ஆயனச் சிற்பியையும் நாவலில் சந்தித்த தம்பதியர், பயணத்துக்கு முன் அதை மறுபடி புரட்டிக்கொண்டு வந்தால் பாறைகள் இன்னும் நெருக்கமாகும்.

மணலும் மக்களும்

கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மீனவர் குப்பமும், விடுதிகளும் உணவகங்களும் நிறைந்த ஒத்தவாடைத் தெருவும் இருக்கின்றன. எளிய வாடகை அறைகளும், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதியும், பெரிய நட்சத்திர விடுதிகளும் இருப்பதால் கைக்கு ஏற்றபடி தங்கலாம். காலையில் படகுகள் கரை சேரும்போது வஞ்சிரம், சங்கரா, இறால், கணவாய், நண்டு எல்லாம் மணலிலேயே ஏலம் போகும். சைவ உணவுக்காரர்களுக்கும் இட்லி, பொங்கல் கடைகளுக்குக் குறைவில்லை. கோடையில் நுங்கும் இளநீரும், மாலையில் மிளகாய்த்தூள் தூவிய மாங்காயும் சுண்டலும் கடற்கரையின் தின்பண்டங்கள்.

அலைச்சறுக்கு விளையாட்டில் இந்தக் கரை இன்று பெயர் பெற்றிருக்கிறது. குப்பத்து இளைஞர்கள் பலர் அதில் தேர்ந்து பயிற்சியாளர்களாகியிருக்கிறார்கள்; 2023இல் சர்வதேசப் போட்டியும் நடந்தது. ஆனால் கடலில் குளிப்பது வேறு விஷயம். மேலே அமைதியாகத் தெரியும் இடத்திலும் அடியில் இழுக்கும் நீரோட்டம் இங்கே வலுவானது. உயிரிழப்புகள் நேர்ந்த கரை இது. தடை செய்த இடங்களில் இறங்காமல், உள்ளூர் மீனவர் சொல்லைக் கேட்டு, கணுக்கால் அளவு நீரோடு நிற்பதே நலம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். அப்போது இரவில் கடற்கரையில் விளக்கு அடிப்பதையும் ஆமைகளை நெருங்குவதையும் தவிர்க்க வேண்டும்.

மாசி மகத்தன்று வர நேர்ந்தால் அரிய காட்சி ஒன்றைக் காணலாம். தமிழகத்தின் வடமாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் இந்தக் கடற்கரையில் கூடி, துணிக் கூடாரம் அமைத்துத் தங்குகின்றன. கன்னியம்மனைக் கடலோரத்தில் வழிபடுகிறார்கள். மணலில் அமைத்த படையல் முன்னே திருமணங்களும் நிச்சயங்களும் நடக்கின்றன. ஊர் நடுவே உள்ள தலசயனப் பெருமாள் கோயிலிலும் அந்நாளில் கூட்டம் மிகும். திருமங்கையாழ்வார் கடல்மல்லை என்று பாடிய திவ்வியதேசம் அது. பூதத்தாழ்வார் பிறந்த ஊரும் இதுவே. டிசம்பர் இறுதியில் தொடங்கி ஜனவரி வரை நடக்கும் நாட்டிய விழாவுக்காகவே பலர் தங்கள் பயணத்தை அந்த வாரங்களில் அமைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாம் நாள்: வடக்கா, தெற்கா

மூன்றாம் நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு திசையைத் தேர்ந்துகொள்ளலாம். சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்கு வடதிசை வசதி. 5 கிலோமீட்டரில் சாளுவன்குப்பம். பதினொரு யாளித் தலைகள் சூழ்ந்த புலிக்குகை அங்கே இருக்கிறது. அருகில் ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் கண்டெடுக்கப்பட்ட பழைய செங்கல் முருகன் கோயிலின் அடித்தளமும் உண்டு. வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் நிறுவிய முதலைப் பண்ணை. அழிவின் விளிம்பில் இருந்த முதலை இனங்களைப் பெருக்கும் நோக்கத்தோடு தொடங்கிய இடம் அது. அங்கேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்பு நஞ்சு எடுத்து, நச்சு முறிவு மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு வழங்கிவருகிறது.

தம்பதியர் தவறவிடக் கூடாத ஊர் திருவிடந்தை. நித்தியகல்யாணப் பெருமாள் இங்கே ஆண்டின் ஒவ்வொரு நாளும் மணக்கோலத்தில் இருக்கிறார். காலவ முனிவரின் 360 பெண்களையும் நாளுக்கு ஒருவராக வராகப் பெருமாள் மணந்தார் என்பது தலபுராணம். திருமணம் கூடிவர வேண்டுகிறவர்கள் மாலை வாங்கி அணிந்து கோயிலைச் சுற்றிவந்து, அந்த மாலையை வீட்டில் பத்திரப்படுத்துவார்கள். மணம் முடிந்ததும் கணவன் மனைவியாக வந்து அதை ஒப்படைப்பார்கள். அடுத்து வரும் கோவளத்தின் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. முட்டுக்காட்டில் படகுக் குழாமும், 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவும் இருக்கின்றன. தென்மாநிலங்களின் பழைய வீடுகளை ஓடு, தூண், கதவோடு பிரித்துக் கொண்டுவந்து அப்படியே எழுப்பி வைத்திருக்கும் அருங்காட்சியகம் அது. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தையும் கேரளத்து மரவீட்டையும் ஒரே வளாகத்தில் நடந்து பார்க்கலாம்.

தெற்கே போனால் கூட்டம் குறைவு. சுமார் 15 கிலோமீட்டரில் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டில் மஸ்லின் துணி வாணிபத்துக்காக அமைத்த செங்கல் கோட்டையும், கப்பலும் குலச் சின்னமும் செதுக்கிய அவர்களின் கல்லறைகளும் அங்கே இருக்கின்றன. 1782 பிப்ரவரியில் பிரெஞ்சு, ஆங்கிலக் கடற்படைகள் இந்தக் கரைக்கு எதிரே மோதின. இன்னும் தெற்கே, கடப்பாக்கத்தை அடுத்துள்ள ஆலம்பரைக் கோட்டை உப்பங்கழியும் கடலும் சந்திக்கும் இடத்தில் சிதைந்து நிற்கிறது. 1750இல் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுக்கப்பட்ட அதை 1760இல் ஆங்கிலேயர் இடித்தார்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை வருகிறவர்கள் வேடந்தாங்கலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். செங்கல்பட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா என ஆயிரக்கணக்கான பறவைகள் ஏரி நடுவேயுள்ள மரங்களில் கூடு கட்டுகின்றன. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊரார், தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைச் சுடவிடாமல் காத்தார்கள். 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் அந்த உரிமையை எழுத்தில் ஏற்றுக்கொண்டார். இன்றும் ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இந்த ஏரி இடம்பெற்றது. வழியில் மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமர் கோயில். பெருவெள்ளத்தில் கரை உடையவிருந்த இரவில் வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டு, அதே பிளேஸ் துரை தாயார் சன்னதி கட்டிக் கொடுத்தார் என்பது ஊர் வழக்கு.

காலமும் வழியும்

டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்படி இருக்கும். ஏரிகளில் நீரும் பறவையும் இருக்கும். அக்டோபர், நவம்பரில் கனமழைக்கும் புயலுக்கும் வாய்ப்பு உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் பாறைகள் கொதிக்கும் என்பதால் காலை 9 மணிக்குள்ளும் மாலை 4 மணிக்குப் பிறகும் மட்டுமே வெளியே சுற்றுவது நல்லது. சனி, ஞாயிறு தவிர்த்துத் திங்கள் முதல் வியாழன் வரை வந்தால் கூட்டமும் அறை வாடகையும் குறையும்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு அரசுப் பேருந்துகள் ஓடுகின்றன. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வரும் பேருந்துகளும் உண்டு. மாமல்லபுரத்துக்குள் நடையும் வாடகை மிதிவண்டியும் போதும். வல்லம், வேடந்தாங்கல் போன்ற இடங்களுக்கு ஆட்டோவோ வாடகைக் காரோ வசதி. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே நுழைவுச்சீட்டு என்பதால், காலையில் வாங்கியதை மாலை வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தொல்லியல் துறையின் அனுமதி பெற்ற வழிகாட்டியை அமர்த்திக்கொண்டால் சிற்பங்களின் கதை விளங்கும். மழுங்கிவரும் சிற்பங்களின் மேல் கை வைப்பதும், பாறையில் பெயர் கீறுவதும், ஞெகிழிப் புட்டியை மணலில் விட்டுப் போவதும் இந்த இடத்துக்குச் செய்யும் தீங்கு. இவற்றைத் தவிர்ப்பது ஒவ்வொரு பயணியின் கடமை.